எக்ஸ்ரேக்கா வீட்டுக் கூமுட்டை

பதினோரு முட்டையையும் ஒரு பழைய துணிப்பையில் போட்டு எக்ஸ்ரேக்கா வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள் அதே தெருத் தையல்காரம்மா. நேரில் கொடுத்திருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். அதற்கு வழியில்லாமல், ஆள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வெயில் நன்றாக விழுகிற இடமும் பார்த்து வைத்திருந்தாள். இருபத்தொரு நாள் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கிடந்தும் ஒரு குஞ்சு எட்டிப் பார்க்காத முட்டைகள் அவை. ஒன்று பைக்குள்ளேயே வெடித்திருந்தது. வேலை முடிந்து வந்தவளை அந்த நாற்றம் தெருமுனைக்கே வந்து அழைத்துக்கொண்டு போனது.

எக்ஸ்ரேக்கா என்பது தெரு வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். “மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க” என்று ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்கிற வேலை. அந்தத் தெருவில் கை முறியாத பையனும் முட்டி தேயாத பெரியவரும் குறைவு என்பதால் முக்கால்வாசிப் பேரின் எலும்பை அவள் பார்த்திருக்கிறாள். வரிசையில் நிற்காமல் உள்ளே போக வேண்டியிருந்தபோதெல்லாம் “எக்ஸ்ரேக்கா, எக்ஸ்ரேக்கா” என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள்தான் இவர்கள். இப்போது அவள் வந்தால் எதிர்ப்பக்கம் தாண்டி நடக்கிறார்கள்.

காரணம் கோழி. கொல்லையில் அவளுக்கு ஏழு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. சேவலுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரையோ பிடித்து உள்ளே போடப் போகிறவன் மாதிரி நடப்பான். அந்த வீட்டு முட்டையைப் பத்து அடை வைத்தால் ஒன்பது பொரியும் என்று தெருவுக்கே தெரியும். வீட்டில் அடைக்கோழி உட்கார்ந்ததும் நேராக எக்ஸ்ரேக்காவிடம் வந்து முட்டை வாங்கிப் போவார்கள், பொரித்த பின் ஒரு குஞ்சைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி இருந்த முட்டை நாலு மாதமாக ஒன்றுகூடப் பொரியவில்லை. ஐந்து வீட்டில் அடை வைத்து ஐந்து வீட்டிலும் கூமுட்டை.

சரி, முட்டை கெட்டால் கோழியைப் பார்ப்பார்கள், தீவனத்தைப் பார்ப்பார்கள், உலகத்தில் அதுதான் வழக்கம். இந்தத் தெருவிலோ கோழி வளர்த்தவளைப் பார்த்தார்கள். முதலில் பார்த்தவர் சம்பந்தியம்மா.

சம்பந்தியம்மா என்பது எக்ஸ்ரேக்காவின் தம்பியுடைய மாமியார். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டதும், ஐந்தாம் மாதமே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார். வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டார். எக்ஸ்ரேக்கா தினமும் கதிருக்குள் நின்று வேலை பார்க்கிறாள், அது அவள் உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது, அந்தக் கையால் தீனி போட்டுத்தான் கோழி கெட்டது. மருத்துவமனைக்குப் புது மெஷின் வந்த மாதமும் முட்டை கெட்ட மாதமும் ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் விழுந்த சத்தம் கேட்ட பிறகு காக்கை சொல்வதை யார் கேட்கிறார்கள்?

“ஏழு கோழி. இத்தனை மாசம். ஒரு குஞ்சு இல்ல,” என்று சம்பந்தியம்மா விரல் மடக்கிச் சொன்னார். “மனுஷங்க பொய் சொல்லுவாங்க. வாயில்லா ஜீவன் பொய் சொல்லுமா?”

“எக்ஸ்ரே என்ன மழையா அத்தை, நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்கு?” என்றாள் எக்ஸ்ரேக்கா. “சுவிட்சை அணைச்சா அறையில வெளிச்சம் தங்குதா? அது மாதிரிதான் இதுவும். பட்டனை விட்டதும் முடிஞ்சு போச்சு.”

“வெளிச்சம் தங்காதும்மா. பல்பு சூடு தங்கும்ல?”

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று உண்டு. எவ்வளவு கதிர் பட்டது என்று அதை அனுப்பிப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் வரும். பத்தொன்பது வருட ரிப்போர்ட்டிலும் கவலைப்பட ஒன்றும் இருந்ததில்லை. அதைக் கொண்டுவந்து காட்டினாள். “பேப்பர்ல என்ன வேணாலும் அடிக்கலாம்” என்று மடித்துக் கொடுத்துவிட்டார் சம்பந்தியம்மா. பேட்ஜை நம்பவில்லை, கோழியை நம்பினார்.

அதன் பிறகு விதிகள் வந்தன. வேலையிலிருந்து வந்தால் முன்வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைக் குழாயடியில் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துணியை வெளியிலேயே மாற்ற வேண்டும். சாப்பிடும்போது தம்பி மனைவிக்கு எதிரே உட்காரக் கூடாது. வயிற்றைத் தொடுவது என்ற பேச்சே கிடையாது. எக்ஸ்ரேக்கா எல்லாவற்றையும் செய்தாள். குட்டக் குட்டக் குனிந்தாள். தம்பி மனைவி பயப்படுகிறாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, பயம் போகட்டும் என்றுதான் செய்தாள். அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை. “அம்மா சொல்றாங்க அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று கண்ணைப் பார்க்காமல் சொல்வாள். ஒரு நாள் எதிர்பாராமல் உள்ளே குழந்தை உதைத்தபோது அவள் முகம் விரிந்ததையும், எக்ஸ்ரேக்கா நிற்பதைக் கண்டதும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடியதையும் எக்ஸ்ரேக்கா பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

கடைசி விதி போன வாரம் வந்தது. ஒன்றாம் தேதிக்குள் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போக வேண்டும், கோழிகளோடு. குழந்தை பிறந்து ஒரு வயது ஆகட்டும், பிறகு வந்து போகலாம். இதைச் சொன்னது சம்பந்தியம்மா. இது எக்ஸ்ரேக்கா பிறந்த வீடு. அம்மா அப்பா இருவரும் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அவள், கல்யாணம் பண்ணி வைத்தது அவள், அந்த மாமியாருக்கு முதல் தடவை கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான். அவளுடைய அறையில் நல்ல காற்று வரும். தொட்டில் தொங்கவிட அந்த உத்தரம் வாகாக இருக்கிறது என்று சம்பந்தியம்மா ஏற்கெனவே கையால் அளந்து பார்த்திருந்தார்.

“நீ என்னடா சொல்ற?” என்று தம்பியைக் கேட்டாள்.

தம்பி செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நாலு மாதமாகத் தேடுகிறான், இன்னும் கிடைக்கவில்லை. “ஒரு வருஷம்தானேக்கா,” என்றான். “ஆஸ்பத்திரி பக்கத்துல பாத்தா உனக்கும் வசதி.”

பிறக்கப் போவது அந்த வீட்டில் முப்பது வருடத்துக்குப் பிறகு பிறக்கிற முதல் குழந்தை. அது பிறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும், அதைக் கையில் வாங்க வேண்டும். எக்ஸ்ரேக்கா ஆசைப்பட்டது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு துளி இல்லை.

இப்படி இருக்கையில்தான் தையல்காரம்மாவின் பை வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். பையை மட்டும் கழுவாமல் மடித்து, ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி எடுத்து வைத்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. கோபம் சில பொருட்களைச் சேர்த்து வைக்கும்.

அவளுடைய சொந்த அடைக்கோழி ஒன்று ஒன்பது முட்டையோடு உட்கார்ந்து அன்றைக்கு ஏழாவது நாள். ஏழாம் நாள் முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் உள்ளே தெரியும். உயிர் பிடித்திருந்தால் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிவப்பு நரம்பும் இருக்கும். பிடித்துச் செத்திருந்தால் ரத்தம் ஒரு வளையமாக ஒதுங்கி நிற்கும். ஒன்றுமே பிடிக்காத முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும். குளியலறை ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் ஒரு காகிதக் குழாயை வைத்து, ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள்.

ஒன்பதும் வெறும் வெளிச்சம். நரம்பு இல்லை, வளையம் இல்லை, ஒரு கறை கூட இல்லை.

தலை சுற்றி விழ வேண்டிய நேரத்தில் அவளுக்குள் வேலைக்காரி விழித்துக்கொண்டாள். நிழலைப் பார்த்துச் சொல்வதுதானே பிழைப்பு. கதிரால் கெட்டதென்றால் பிடித்த உயிர் செத்திருக்க வேண்டும். ஒன்பதில் இரண்டிலாவது அந்த வளையம் இருக்க வேண்டும். இங்கே எதுவும் சாகவில்லை, ஏனென்றால் எதுவும் உண்டாகவே இல்லை. பெட்டைகள் முட்டை இடுகின்றன, சேவல் சேரவில்லை. குற்றம் அவள் கையிலும் இல்லை, பெட்டையிலும் இல்லை.

வெளியே வந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். தினமும் பார்க்கிறவன்தான், தினமும் பார்ப்பதாலேயே பார்க்கவில்லை. ரத்தச் சிவப்பாக நிமிர்ந்திருந்த கொண்டை சுருங்கி வெளிறிக் கிடந்தது. உடம்பு மட்டும் நன்றாக ஊதியிருந்தது. ஒரு பெட்டை அவன் வாயருகிலிருந்த தீனியைக் கொத்திக்கொண்டு போக, கோபப்படாமல் நகர்ந்து வழிவிட்டான். வேலையை விட்டு ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர்கூட இவ்வளவு சாது ஆகமாட்டார். கூவுவதையும் நிறுத்தி மாதக் கணக்காகிறது. அதையும் கதிர் கணக்கில்தான் எழுதியிருந்தார் சம்பந்தியம்மா.

எப்போதிருந்து கூவவில்லை? அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. புது மெஷினுக்கான பயிற்சிக்கு வெளியூர் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினாள். மறுநாள் காலையில் சேவல் கூவாததால் தூங்கிவிட்டு, வேலைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்த் தலைமை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். முட்டைக்கு விளக்குப் பிடித்துப் பார்த்ததற்கு அடுத்த நாள், மருத்துவமனையில் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தாமதம் சிவப்பு மையில் இருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது அதற்குப் பதினாறு நாள் கழித்து.

மெஷின் வருவதற்கு முன்பே சேவல் ஊமையாகிவிட்டது. ஏன் கூவவில்லை என்று அப்போதே தம்பியைக் கேட்டிருந்தாள், “பக்கத்துச் சேவலோட சண்டை போட்டுச்சுக்கா, தொண்டை கட்டிக்கிச்சு போல” என்றான். அவளும் நம்பிவிட்டாள். கேட்கிறவளுக்குத்தான் மதி எங்கே போயிற்று.

சாயங்காலம் வந்ததும் குழாயடிக்குப் போகவில்லை, நேராகக் கூண்டுக்குப் போனாள். இன்ஸ்பெக்டரைத் தூக்கி மடியில் சாய்த்து, இறக்கையை விரித்து, விலா ஓரத்து இறகைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு விலக்கினாள். கடைசி இரண்டு விலா எலும்புக்கு நடுவில், வெளிர்த் தோலில், ஒரு விரல் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு தழும்பு. குறுக்கே மூன்று தையல் புள்ளி. சண்டையில் கிழிந்த காயம் இப்படி அளவெடுத்துக் கிழியாது. மறுபக்கம் திருப்பினாள். அதே இடத்தில், அதே நீளத்தில், இன்னொன்று.

ஆபரேஷன் பண்ணிய உடம்பை ஒரு நாளைக்கு நாற்பது பார்க்கிறவள் அவள். கத்தி போட்ட தழும்பு எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மடியில் சேவல் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். கம்பவுண்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அட, இன்ஸ்பெக்டர். நல்லா இருக்கானா? தையல் ஏதும் பிரியலையே?”

“இவனை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? இவ்வளவு பெரிய சேவலுக்கு யாரும் காயடிக்கச் சொல்ல மாட்டாங்கம்மா. குஞ்சுலயே பண்ணணும். சேவலுக்கு அது வெளியில இருக்காது, உள்ள முதுகெலும்பை ஒட்டி இருக்கும். ரெண்டு பக்கமும் கீறித்தான் எடுக்கணும். பாதி பிழைக்காதுன்னு டாக்டர் எவ்வளவோ சொன்னாரு. வீட்டுல மாசமா இருக்காங்க, விடிகாலைல கூவித் தூங்க விட மாட்டேங்குது, செத்தாலும் பரவாயில்லன்னு சார் கையெழுத்துப் போட்டாரு. உங்க வீட்டுக்காரரா?”

“தம்பி,” என்றாள் எக்ஸ்ரேக்கா. “என்னைக்கு?”

நோட்டைப் பார்த்துச் சொன்னார். அவள் பயிற்சிக்குப் போன இரண்டாம் நாள்.

“அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் முட்டை பொரிஞ்சுதே?”

“பொரியும். பெட்டை வயித்துக்குள்ள சேவலோட வித்து பத்துப் பதினஞ்சு நாள் தங்கும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கூமுட்டைதான். இதையும் அன்னைக்கே சார்கிட்ட சொன்னேனே. ‘முட்டை சாப்பிடத்தான், பரவாயில்ல’ன்னாரு.”

அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நடந்துபோகையில் எக்ஸ்ரேக்கா இதை ஒன்றாக, இரண்டாக, மூன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முட்டை ஏன் பொரியவில்லை என்று தெரியும். அவள் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபோது தெரியும். ஜன்னல் வழியாக அவன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, அவளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கின்றன. ஒரு முழுப் பூசணிக்காய், நாலு மாதச் சோறு.

வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனாள். நடுவீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். தம்பி அரைநாள் லீவில் வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி நாற்காலியில். சம்பந்தியம்மா பரிமாறிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கமாவா வர்றது? கை கழுவினியா?” என்றார் சம்பந்தியம்மா.

எக்ஸ்ரேக்கா கூடையைக் கொண்டுவந்து தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சேவலைத் தூக்கி இறக்கையை விரித்துப் பிடித்தாள்.

“இது என்னடா?”

தம்பி பார்த்தான். செல்போன் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை.

“கேக்குறேன்ல. இந்தத் தழும்பு என்னது? சண்டை போட்டதா?”

“அக்கா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

“நாலு மாசம் சாப்பிட்டாச்சு. இப்பப் பேசு.”

அவன் சோற்றைப் பிசைந்தான். அதனால் அவளே பேசினாள். சத்தம் போடவில்லை. கம்பவுண்டர் சொன்னதை, தேதியை, கையெழுத்தை, பதினைந்து நாள் கணக்கை, ஏதோ ரிப்போர்ட் படிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். தம்பி மனைவியின் கை வாயருகில் போய் நின்றது.

“நான் தூங்கலன்னு உங்ககிட்ட சொன்னேன், நிஜம்தான்,” என்றாள் கணவனைப் பார்த்து. “சேவலை வேற யாருக்காவது கொடுத்துட்டதாத்தான் முதல்ல நெனச்சேன். அப்புறம் கொல்லையில பாத்தேன், சும்மா நிக்குது, தானா நிறுத்திடுச்சுன்னு சொன்னீங்க. தானா நிறுத்திடுச்சா?”

“டாக்டர் உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கல்ல. உனக்காகத்தானே பண்ணேன்,” என்றான் தம்பி. பிறகு அக்காவிடம், “உன்கிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டே. அதான் நீ ஊர்ல இல்லாதப்ப… தப்புதான்க்கா.”

“சேவலை விடுடா,” என்றாள் எக்ஸ்ரேக்கா. “அது உன் பொண்டாட்டி தூக்கம், என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேற வீட்டுக்குக் கொடுத்திருப்பேன். அது போகட்டும். முட்டை கெட்டது என்னாலன்னு இவங்க சொன்னாங்க. தெரு சொல்லுச்சு. தொடாதேன்னாங்க, கிட்ட வராதேன்னாங்க, வீட்டை விட்டுப் போன்னாங்க. அப்பல்லாம் நீ எங்கடா இருந்த?”

“இங்கதான் இருந்தேன்.”

“அதான் கேக்குறேன்.”

தம்பி தட்டைப் பார்த்தான். “முதல்ல சொல்லிருக்கணும். ஒரு வாரம் விட்டுட்டேன். அப்புறம் சொன்னா எல்லாரும் என்னையத் திட்டுவாங்கன்னு… நாள் ஆக ஆக எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

சொல்ல வெட்கமாக இருந்ததாம். அவனுக்கு வந்த வெட்கத்துக்காக அவள் மேல் கதிர் ஒட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேக்காவுக்கு அந்தத் தட்டைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. அவள் கவிழ்க்கவில்லை என்பதை நான் ஒரு குறையாகவே சொல்கிறேன்.

சம்பந்தியம்மா ஒருவழியாகக் கரண்டியைக் கீழே வைத்தார். “சரி, சேவல் விஷயம் சேவலோட. அதுக்காகக் கதிர் இல்லைன்னு ஆயிடுமா? எதுக்கும் பிரசவம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே. ஆஸ்பத்திரி பக்கத்துல உனக்கு ரூமும் பாத்தாச்சு…”

“வாயில்லா ஜீவன் பொய் சொல்லாதுன்னீங்களே அத்தை,” என்று எக்ஸ்ரேக்கா சேவலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். “இந்தாங்க. கேட்டுப் பாருங்க.”

சம்பந்தியம்மா பின்னால் நகர்ந்தார்.

“அம்மா, போதும்,” என்றாள் தம்பி மனைவி. அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அந்த வீடு கேட்டதில்லை. “உங்க பேச்சைக் கேட்டு நான் அண்ணியைப் பாத்து வயித்தை மூடினேன். இன்னும் ஒரு வார்த்தை சொன்னீங்க, நான் அண்ணிகூட அந்த ரூமுக்குப் போயிடுவேன்.”

எக்ஸ்ரேக்கா சேவலைத் தம்பியின் கையில் திணித்தாள். “எந்திரி. கையைக் கழுவு. ஒரு தடவை கழுவினா போதும். என்கூட வா.”

“எங்கக்கா?”

“அஞ்சு வீடு.”

பட்டப்பகலில், தெரு முழுக்க வாசலில் இருக்கிற நேரத்தில், சட்டை மடிப்புக் கலையாத தம்பி கக்கத்தில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். எக்ஸ்ரேக்கா பின்னால் வந்தாள், கையில் பாலிதீன் கவர். முதல் நாலு வீட்டிலும் அவன் வாசலுக்கு வெளியிலிருந்தே முணுமுணுத்தான். அவள் ஒவ்வொரு வீட்டிலும், “கேக்கலயாம், இன்னொரு தடவை சொல்லு” என்றாள். நாலு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது, “அதானே பாத்தேன், எனக்கு அப்பவே சந்தேகம்.” இத்தனை பேர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், ஒரு வாய் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது.

ஐந்தாவது தையல்காரம்மா. மிஷினை நிறுத்திவிட்டு, சேவலோடு சேர்த்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த முட்டை… சேவல்ல கொஞ்சம் பிரச்சினை,” என்றான் தம்பி.

“என்ன பிரச்சினை?”

“நான்தான் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காயடிச்சுட்டேன். அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலு மாசமா நான் சொல்லல.” ஐந்து தடவையில் இப்போதுதான் முழுதாக வந்தது.

“அட பாவமே. எனக்கும் என்னவோ மனசுல…”

“சந்தேகமா?” என்றாள் எக்ஸ்ரேக்கா. “அடுத்த தடவை வாசற்படியில வைக்காம கையில கொடுங்க.” கவரைப் பிரித்து, வெடித்த முட்டை காய்ந்த அந்தத் துணிப்பையை எடுத்து, தைத்து முடித்துப் போட்டிருந்த புதுத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தையல்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தம்பி, “இப்ப சரியாக்கா?” என்றான்.

“இல்ல,” என்றாள்.

வீட்டை நெருங்கும்போதே உள்ளிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. “அண்ணி, உதைக்குது. சீக்கிரம் வாங்க, நிறுத்திடப் போகுது.”

எக்ஸ்ரேக்காவின் கால் அவளைக் கேட்காமலே சந்து வழியாகக் கொல்லைக்குப் போனது. குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்தாள், கழுவினாள். மறுபடி தேய்த்தாள், கழுவினாள். மூன்றாவது தடவைக்குச் சோப்பை எடுத்தபோதுதான் கை நின்றது. இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. ஜன்னலில் யாரும் நின்று பார்க்கவில்லை. அவளே வந்து, அவளே எண்ணிக் கழுவிக்கொண்டிருக்கிறாள். நாலு மாதத்தில் இவர்கள் அவளை இப்படியும் ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான். சோப்பை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தாள். கோழிகள் கத்திக்கொண்டு சிதறின.

ஈரக் கையோடு, நுரையோடு உள்ளே போனாள். தம்பி மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். சேலை நனைந்தது.

“சில்லுன்னு இருக்கு அண்ணி.”

“இருக்கட்டும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கைக்கு நேராக, சரியாக நடுவில், ஓங்கி ஓர் உதை. கோபக்காரப் பிள்ளையாகத்தான் வரும் போலிருந்தது. எக்ஸ்ரேக்கா அழுதாள், கோபம் தீர்ந்து அழுததாக யாரும் நினைக்க வேண்டாம். சம்பந்தியம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

தம்பி வாசலில் நின்றான். கக்கத்தில் சேவல், எங்கே இறக்கிவிடுவது என்று தெரியவில்லை. உள்ளே வா என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள், பிறகு வயிற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.